மணிக்கணக்கு வண்டி

ஜூலை மாதம் சிபியுவுக்குப் போகிறவர்கள் விடுதி அறைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ருமேனியாவின் நடுவே, தெற்குக் கார்பேத்தியன் மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. இடைக்காலத்தில் ஜெர்மானியக் குடியேறிகள் கட்டிய கோட்டை நகரம். 2007இல் ஐரோப்பாவின் கலாச்சாரத் தலைநகரமாக இருந்தது. ஜூலைக் கூட்டமோ கோட்டைச் சுவரைப் பார்க்க வருவதில்லை. மார்ட்டின் ஃப்ரைனாடெமெட்ஸ் என்ற ஆஸ்திரியர், ஒருகாலத்து ஸ்னோபோர்டு வீரர், 2004இல் தொடங்கிவைத்த ரெட் புல் ரோமானியாக்ஸ் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்காக வருகிறது. ஊருக்குள் மரக்கட்டைகளையும் டயர்களையும் அடுக்கிப் போட்ட தடைகளின் மேல் முதல் நாள் ஓட்டம். மற்ற நாள்கள் முழுக்க மலைக்காடு.

நான் போனது 2025 கோடையில், பந்தயக் கூட்டம் கலைந்த பிறகு. பந்தயம் போனாலும் அதன் எச்சமாக ஒரு தொழில் அங்கே தங்கிவிட்டது. சிபியுவைச் சுற்றியுள்ள கிராமங்களில் எண்டியூரோ என்ற காட்டுத்தட மோட்டார் சைக்கிள்களை வாடகைக்குத் தரும் கொட்டகைகள் இருக்கின்றன. ஆள் வந்தால் போதும். ஹெல்மெட் முதல் முழங்கால் கவசம் வரை எல்லாம் தருவார்கள், வழிகாட்டி ஒருவரும் முன்னால் ஓட்டிப் போவார். அனுமதி உள்ள காட்டுத் தடங்களில் மட்டும்தான் போக முடியும். அதுவும் நியாயம்தான்: இந்த இரைச்சலை எந்தக் காடும் விரும்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.

என் கொட்டகை குரா ரவுலுய் கிராமத்துப் பக்கம். எனக்குக் கிடைத்தது கேடிஎம் 300 இஎக்ஸ்சி, கார்புரேட்டர் வைத்த பழைய மாடல். 72 மில்லிமீட்டர் போர், அதே 72 ஸ்ட்ரோக், 293 சிசி, டூ ஸ்ட்ரோக். எடை நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இருக்கை தரையிலிருந்து 96 சென்டிமீட்டர் உயரம். நடுத்தர உயரக்காரனான எனக்கு ஒரு காலின் முன்பாதம்தான் மண்ணில் பட்டது. சாலை வண்டிகளில் டூ ஸ்ட்ரோக் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. கடினமான எண்டியூரோவில் இன்றும் அதுதான் ராஜா. வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை, அதனால் மேல்பாரம் இல்லை. கிராங்க் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிப்பதால், நின்றுபோகும் வேகத்திலும் இழுவை இருக்கும். செங்குத்தான மேட்டில் விழுந்த வண்டியைத் தனியாளாகத் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கும்போது நான்கு ஸ்ட்ரோக் வண்டியோடு உள்ள எடை வித்தியாசம் புரியும்.

கொட்டகையின் மெக்கானிக்குக்கு அறுபதுக்கு மேல் வயது. எல்லோரும் அவரை ‘மெஷ்டர்’ என்றே கூப்பிட்டார்கள். கைத்தொழில் தேர்ந்தவர்களை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். ஸர்னெஷ்டி ஊர்த் தொழிற்சாலையில் செய்த மோப்ரா 50 வண்டிகளில் கை பழகியவர். சோஷலிசக் காலத்து ருமேனியாவில் இளைஞர்கள் ஆசைப்பட்ட 50 சிசி டூ ஸ்ட்ரோக் அது. வந்ததும் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, “உங்க ஊர்ல என்ன ஓட்டினீங்க?”

ஆர்எக்ஸ் 100 என்றேன். தலையாட்டினார், பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மாமாவிடம் யெஸ்டி இருந்தது, அது ஜாவாவின் மைசூர்ப் பிறப்பு என்றதும் முகம் மாறியது. இடது காலைத் தூக்கி, இல்லாத ஒரு லீவரை உள்ளே அழுத்தி, பின்னால் திருப்பி, உதைத்துக் காட்டினார். கியர் லீவரே கிக்கராக மாறும் அந்த வித்தையைக் கோவையில் மாமா செய்து பார்த்திருக்கிறேன். மெஷ்டர் பிராஷோவ் பக்கம் செய்திருக்கிறார். அதன்பிறகு மாலையில் கொட்டகைக்குள் வரலாமா என்று நான் கேட்டதற்கு அவர் மறுக்கவில்லை. வாடகைக்காரர்கள் பொதுவாக வண்டியைச் சாய்த்துவிட்டு பீர் குடிக்கப் போய்விடுவார்கள். கழுவுவதும் பிரிப்பதும் கொட்டகையின் வேலை. என் வண்டியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “பாருங்க. ஆனா நான் சரிபார்த்த பிறகுதான் வெளியே போகும்” என்றார்.

அந்த அனுமதி கிடைத்திராவிட்டால் இந்தப் பயணத்தைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இருந்திருக்காது. எண்டியூரோ ஓட்டுகிறவன் மலையைப் பார்ப்பதில்லை. அடுத்த பத்தடியில் உள்ள வேரையும் கல்லையும் பார்க்கிறான். நின்று தண்ணீர் குடிக்கும்போது மட்டும் தலையைத் தூக்குகிறான். அன்று எந்த மலையில் இருந்தோம் என்பது மாலையில் வண்டியைப் பிரிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஃபில்டரில் ஒரு மலை, பிளக்கில் ஒரு மலை, பிரேக் பேடில் ஒரு மலை.

மெஷ்டர் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் கிலோமீட்டர் இல்லை, மணிதான் இருந்தது. நாள் முழுக்க முதல் கியரில் ஏறினால் முப்பது கிலோமீட்டர்கூட ஓடாது, ஆனால் இன்ஜின் ஆறு மணி நேரம் உழைத்திருக்கும். அதனால் இந்த வகை வண்டிகளின் ஆயுளை இன்ஜின் ஓடிய மணியில்தான் அளக்கிறார்கள். இத்தனை மணிக்கு கியர் ஆயில், இத்தனை மணிக்கு பிஸ்டன். நிதானமாக ஓட்டுகிறவர்களுக்கு பிஸ்டன் 80 மணி, பந்தயக்காரர்களுக்கு 40 என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார். ஆர்எக்ஸ் 100ஐப் பத்து வருடம் வைத்திருந்துவிட்டு, “இன்ஜின்ல இன்னும் கை வைக்கலை” என்று பெருமை பேசும் ஊரிலிருந்து போனவனுக்கு அந்த 80 ஒரு அடி.

முதலில் கண்ட மலை தூசி மலை. குரா ரவுலுயிலிருந்து மேலே போகும் தடங்களில் மரம் ஏற்றிய லாரிகள் ஓடுகின்றன. மழை இல்லாத வாரம் என்றால் மாவாக அரைபட்ட மண் கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும். வரிசையில் மூன்றாவதாகப் போகிறவன் இரண்டு வண்டிகளின் புழுதியையும் சுவாசிப்பான். அவன் வண்டியும் சுவாசிக்கும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஃபில்டரைத் தாண்டிய தூசி நேராக சிலிண்டருக்குப் போகும். டூ ஸ்ட்ரோக்கில் காற்று முதலில் கிராங்க் கேஸுக்குள் போய், கிராங்க் பேரிங்குகளையும் கனெக்டிங் ராடின் அடிப்பேரிங்கையும் சுற்றிவிட்டுத்தான் மேலே ஏறுகிறது. ஆகவே தூசி பிஸ்டனை மட்டும் தேய்ப்பதில்லை, வழியில் உள்ள எல்லாவற்றையும் தேய்த்துக்கொண்டே போகிறது. பிஸ்டன் மாற்றுவது ஒரு மாலை வேலை. கிராங்க் போனால் இன்ஜினை இரண்டாகப் பிளக்க வேண்டும்.

ஃபில்டர் என்பது இரண்டு அடுக்கு ஃபோம். அதைப் பெட்ரோலில் அலசக் கூடாது, அடுக்குகளை ஒட்டிய பசை விட்டுவிடும். அதற்கென்று விற்கும் திரவத்தில் ஊறவைத்து, பிழியாமல் அமுக்கி அமுக்கி அழுக்கை எடுத்து, வெந்நீரில் அலசி, நிழலில் காயவைத்து, பிசுபிசுப்பான ஃபில்டர் ஆயிலை ஊற்றிப் பிசைய வேண்டும். தீபாவளி காலையில் பாட்டி தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்க்கும் பொறுமையோடு செய்ய வேண்டிய வேலை. ஒரு விரல்கடை உலர்ந்து விட்டுப்போனாலும் மெஷ்டர் விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டுவார். விளிம்பில் கிரீஸ் தடவி உட்கார வைத்த பிறகு, இன்டேக் குழாயின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துக் கேட்பார்: “இதுல ஏதாவது தெரியுதா?” துணி வெள்ளையாகவே இருந்தால்தான் அடுத்த வேலை.

இரண்டாவது மலை உயரம். பல்தினிஷ் என்ற மலைவாசத்தலம் 1400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து ஸ்ப்ரூஸ் காட்டைத் தாண்டினால் மரங்கள் முடிந்து, சிந்த்ரெல் சிகரத்தின் மொட்டைப் புல்வெளி ஆரம்பிக்கும். சிகரம் 2244 மீட்டர். ஆட்டுக்கிடைகள் அங்கங்கே தெரியும். கிடை நாய்களைப் பற்றி வழிகாட்டி காலையிலேயே சொல்லியிருந்தார்: ஓடக் கூடாது, உதைக்கக் கூடாது, வண்டியை நிறுத்தி மேய்ப்பர் வரும்வரை சும்மா நிற்க வேண்டும். கன்றுக்குட்டி அளவு நாய்கள் மூன்று சுற்றி நிற்கும்போது சும்மா நிற்பது அவ்வளவு எளிதல்ல. கரடியைப் பற்றியும் கேட்டேன். இந்தச் சத்தத்துக்குக் கரடி வராது, நாய்தான் வரும் என்றார்.

அந்த உயரத்தில் வண்டி மந்தமாயிற்று. பாதி த்ராட்டிலில் கமறியது, சைலன்சரில் எண்ணெய் வழிந்தது, கடைசியில் ஒரு மேட்டில் பிளக் அடைத்து நின்றது. ஊட்டி ஏறிய பழைய டூ ஸ்ட்ரோக்காரர்களுக்கு இந்த இருமல் பரிச்சயம். 2000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. அடிவாரத்தில் விட்ட அளவு பெட்ரோலையே விட்டுக்கொண்டிருக்கும். காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சினால் கலவை கொழுத்துப்போய் பிளக் கறுத்து நனைந்துவிடும். வழிகாட்டி புல்லில் ஒரு துணி விரித்து, வேறு பிளக் போட்டு, ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே திருப்பினார். ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே மாற்றினார். அப்போது ஊசி ஒரு படி கீழிறங்கி ஜெட்டின் வாயை இன்னும் கொஞ்சம் அடைக்கும். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மெயின் ஜெட்டைத் தொடவில்லை. மேலே யாரும் முழு த்ராட்டிலில் ஓட்டப்போவதில்லை, அப்புறம் எதற்கு என்றார். ஆனால் இறங்கி வந்ததும் எல்லாவற்றையும் பழையபடி வைத்தாக வேண்டும். மேலே சரியாக இருந்த கலவை கீழே வறண்டுவிடும், வறண்ட கலவை பிஸ்டனைச் சுட்டுவிடும்.

2017இல் கேடிஎம் கொண்டுவந்த டிபிஐ என்ற ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இந்த வேலையை ஒழித்துவிட்டது. அழுத்தத்தை சென்சார் பார்த்துக்கொள்ளும், எண்ணெய்க்குத் தனி டாங்க், அதை பம்ப் கலக்கும். கொட்டகையில் புது வண்டிகள் எல்லாம் அந்த ஜாதி. மெஷ்டருக்கு அதில் விருப்பமில்லை. “இது நின்னா ஸ்க்ரூ டிரைவர் போதும். அது நின்னா லேப்டாப் வேணும்.” நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. புது வண்டிகளில் வந்த ஒருவரும் சிந்த்ரெலில் நிற்கவில்லை, நின்றது நான்தான். கார்புரேட்டர் மேலான பாசத்தில் பாதி, அதோடு வளர்ந்த இளமையின் மேலான பாசம். ஆனாலும் அந்தப் புல்வெளியில் ஊசியும் கிளிப்பும் ஜெட்டும் ஒரு கைக்குட்டையில் அடங்கிக் கிடந்ததைப் பார்த்த எனக்கு, அவர் சொன்னதை முழுக்கத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் இந்த இன்ஜினுக்கு ஆபத்து என்பதைச் சமவெளிக்காரர்கள் எளிதில் நம்புவதில்லை. என் வண்டிக்கு எண்ணெய் பெட்ரோலோடுதான் போகிறது: அறுபதுக்கு ஒன்று, அதாவது லிட்டருக்குப் பதினாறு பதினேழு மில்லி. பெட்ரோல் பங்கில் டூ டி ஆயில் பம்பைச் சுற்றிச் சுற்றி அளந்து ஊற்றிய காலம் நினைவிருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. செங்குத்தான சரிவில் த்ராட்டிலை முழுக்க மூடிவிட்டு, இன்ஜின் பிரேக்கில் நீளமாக இறங்கினால், இன்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், ஆனால் பெட்ரோல் வராது. பெட்ரோல் வராததால் எண்ணெயும் வராது. சூடான பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். சீஸ். அதனால் இறங்கும்போது கிளட்ச்சைப் பிடித்து அவ்வப்போது த்ராட்டிலை ஒரு சிமிட்டு சிமிட்ட வேண்டும். ரஷினாரிக்கு இறங்கும் ஓடைத்தடத்தில் எங்கள் குழு முழுவதும் இப்படிச் சிமிட்டிக்கொண்டே இறங்கியதை, சிந்தனையாளர் எமில் சியோரன் பிறந்த அந்த அமைதியான கிராமம் எப்படிப் பொறுத்துக்கொண்டதோ.

சாடு ஆற்றுப் பள்ளத்தாக்கில் நனைந்தது என் வண்டி இல்லை. எங்கள் குழுவில் ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்திலிருந்து வந்த ஒரு பல் மருத்துவர் இருந்தார். வழுக்குப்பாறையில் முன்சக்கரம் நழுவி, வண்டி ஓடிக்கொண்டிருந்தபடியே தண்ணீரில் படுத்துவிட்டது. கரைக்கு இழுத்ததும் அவர் கை தானாக ஸ்டார்ட்டர் பொத்தானுக்குப் போனது. வழிகாட்டி பாய்ந்து தட்டிவிட்டார். தண்ணீரை அமுக்க முடியாது; சிலிண்டர் நிறையத் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

பிறகு நடந்தது ஒரு சடங்கின் ஒழுங்கோடு நடந்தது. முதலில் இருக்கையைக் கழற்றி ஃபில்டரை எடுத்துப் பிழிந்தார்கள். ஏர் பாக்ஸில் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றினார்கள். பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்து கொட்டினார்கள். பிளக்கைக் கழற்றினார்கள். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வண்டியைப் பின்சக்கரத்தின் மேல் செங்குத்தாக நிறுத்தினோம். சைலன்சர் வழியாகக் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. அப்புறம் தலைகீழாக, ஹேண்டில்பாரும் இருக்கையும் தரையில் பட, சக்கரங்கள் வானத்தைப் பார்க்க. அந்த நிலையில் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றச் சுற்ற, பிளக் துளையிலிருந்து தண்ணீர் கொப்பளித்தது. நிற்கும்வரை சுற்றினார்கள். நிமிர்த்தி, புது பிளக் போட்டு, கிக்கரை உதைத்ததில் ஏழெட்டு உதைக்குள் வெள்ளைப் புகையோடு உயிர் வந்தது. புறப்படுமுன் கியர் ஆயில் ஓட்டையைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார் வழிகாட்டி. ஆயில் பால்காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று பொருள், இருக்கவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் கியர் பெட்டிக்குத் தனி எண்ணெய், கிராங்குக்குத் தனி எண்ணெய் என்பதால்தான் இந்தப் பிழைப்பு.

விழுந்த பாறை அந்த வண்டியின் எக்ஸாஸ்ட் குழாயின் வயிற்றை உள்ளே தள்ளியிருந்தது. அன்று மாலை அதைச் சரிசெய்த விதம் பார்க்கத் தக்கது. குழாயைக் கழற்றி, இரண்டு வாயையும் ரப்பர் அடைப்பால் இறுக்கி மூடி, ஒரு அடைப்பின் வழியாகக் காற்றழுத்தம் ஏற்றினார் மெஷ்டர். பள்ளத்தைச் சுற்றிக் கேஸ் விளக்கால் செக்கச்சிவக்கச் சூடாக்கினார். உலோகம் இளகியதும் உள்ளிருக்கும் காற்று பள்ளத்தை ‘டொப்’பென்று வெளியே தள்ளியது. ஒரு நெளிவுக்கு இவ்வளவா என்று கேட்கலாம். டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் குழாய் புகை போக்கி மட்டுமல்ல, இன்ஜினின் பாதி. வெடித்த வாயு வெளியேறும்போது எழும் அழுத்த அலை, விரிந்துகொண்டே போகும் கூம்பில் உறிஞ்சலாக மாறி சிலிண்டரைக் காலி செய்கிறது. பிறகு குறுகும் கூம்பில் மோதித் திரும்பி வந்து, வெளியே தப்பிய புதுக் கலவையை, துளை மூடும் நொடிக்குச் சற்று முன் மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. வால்வு செய்ய வேண்டிய வேலையைச் சத்தம் செய்கிறது. குழாயின் வடிவம் மாறினால் அலை திரும்பும் நேரமும் மாறும்.

பல் மருத்துவருக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. அவர் ஊர் சோப்பாவுக்குப் பக்கமாம். டென்மார்க்கிலிருந்து வந்த ராஸ்முசென் டிகேடபிள்யூ தொழிற்சாலையை நிறுவிய ஊர். போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியில் அதுவே எம்இசட் ஆயிற்று. அங்கே பந்தயப் பிரிவை நடத்திய வால்டர் காடன்தான் இந்தக் குழாயை ஆஸிலோஸ்கோப் வைத்து அலை அலையாக ஆராய்ந்து முழுமையாக்கியவர். 1961இல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டர் கணக்கில் 200. சூப்பர்சார்ஜர் இல்லாமல் அதுவரை எந்த இன்ஜினும் தொடாத அளவு. அதே ஆண்டு செப்டம்பரில், ஸ்வீடன் கிராண்ட் பிரீயின்போது, அவருடைய முதன்மை ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிவிட்டார். மனைவியும் குழந்தைகளும் ஒரு காரின் டிக்கியில் ஒளிந்து எல்லை தாண்டினார்கள். காடனின் தொழில் ரகசியங்களோடு டெக்னர் போய்ச் சேர்ந்தது சுசுகியில். 1962இல் சுசுகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது, ஓட்டியவர் டெக்னர். டூ ஸ்ட்ரோக் வென்ற முதல் உலகப் பட்டம் அது. ஜப்பானின் சுசுகா பந்தயத் தடத்தில் ஒரு வளைவுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

“திருடன்” என்றார் பல் மருத்துவர், சிரித்துக்கொண்டுதான். மெஷ்டர் சிரிக்கவில்லை. “குழந்தைங்களை டிக்கில வச்சுத் தப்பினவனைத் திருடன்னு நாங்க சொல்ல மாட்டோம்” என்றார். சர்வாதிகாரி சௌசெஸ்குவின் நாட்டில் இளமையைக் கழித்தவருடைய கணக்கு வேறு. நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். ஓசூரில் 1984இல் இந்த்-சுசுகி ஏஎக்ஸ் 100 வந்தது. அடுத்த ஆண்டே எஸ்கார்ட்ஸின் ஆர்எக்ஸ் 100 வந்தது. கல்லூரி வாசல்களில் நாங்கள் கேட்டு மயங்கிய அந்தச் சத்தத்தின் ஒரு வேர் சாக்சனியின் அந்தச் சிற்றூரில் இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மழை பெய்த நாளின் சேற்றில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கும். காலையில் புதிதாகப் போட்ட பின் பிரேக் பேட் மாலையில் தகட்டைத் தொட்டுவிட்டது. ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டிக் கேட்டு, ஓசை மங்கியதை இறுக்க வேண்டும். டயருக்குள் டியூப் இல்லை, மூஸ் என்ற ஃபோம் வளையம். பஞ்சர் ஆகாது, ஆனால் அதை உள்ளே திணிக்க மூன்று டயர் லீவரும் கொஞ்சம் கெட்டவார்த்தையும் வேண்டும். ரேடியேட்டர் வளைந்தால் நிமிர்த்தலாம். கிளட்ச் கவரில் கல் குத்திய பொத்தலுக்கு இரண்டு கூட்டு எபாக்ஸி. என் பையில் இருந்த எம்-சீலைக் காட்டியபோது மெஷ்டர் முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

எண்டியூரோவின் மூலவிதியே இந்த மாலை வேலையிலிருந்துதான் வந்தது என்பது என் எண்ணம். 1913இல் இங்கிலாந்தின் கார்லைலில் முதன்முதலாக நடந்த ஆறு நாள் போட்டி இன்றும் நடக்கிறது. அதில் வண்டியை ஓட்டுநர் மட்டுமே தொடலாம். முக்கிய பாகங்களுக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். இரவில் வண்டிகள் பூட்டிய வளாகத்தில் நிற்கும். நாள் முடிவில் கிடைக்கும் சில நிமிடங்களுக்குள் டயரையும் பேடையும் ஃபில்டரையும் தானே மாற்றிக்கொள்ள வேண்டும். கூட இருப்பவர்கள் வாயால் சொல்லலாம், கையால் தொட முடியாது. உலகத்தரத்து ஓட்டுநர்கள் முழங்காலிட்டு டயர் மாற்றுவதைப் பார்க்க அங்கே தனிக்கூட்டம் கூடுமாம். ரோமானியாக்ஸ் போன்ற புதிய போட்டிகளில் பெரிய அணிகளுக்கு மெக்கானிக்குகள் உண்டு. பார்க்க அது பரபரப்பு; எனக்குப் பழைய விதிதான் பிடிக்கிறது.

ஒரு மாலை மெஷ்டர் திடீரென்று கேட்டார்: “கம்பெனி இப்போ உங்க ஆளுங்களுதாமே?” 2024 நவம்பரில் கேடிஎம் திவால் நடவடிக்கைக்குப் போனதும், பங்குதாரரான பஜாஜ் மறு வருடம் பெரும்பணம் இறக்கி அதைத் தூக்கி நிறுத்த முன்வந்ததும் அந்தக் கொட்டகை வரை பேச்சாகியிருந்தது. ஆமாம், புனேக்காரர்கள் என்றேன். பஜாஜும் ஒருகாலத்தில் டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் செய்து பிழைத்த கம்பெனிதான், சாய்த்துப் பிடித்து உதைத்தால் ஸ்டார்ட் ஆகும் என்று விளக்கினேன். அவருக்கு அதெல்லாம் முக்கியமில்லை. “பிஸ்டன் கிட் வருமா?” என்று மட்டும் கேட்டார். அது என் கையில் இல்லை என்றேன். அலமாரியைத் திறந்து காட்டினார். பெட்டி பெட்டியாக பிஸ்டன், கேஸ்கட், ரிங், முன்னெச்சரிக்கையாக வாங்கி அடுக்கியது.

அவற்றில் ஒன்று என் வண்டிக்குப் போயிற்று. நான் கிளம்புவதற்கு முந்தைய மாலை நோட்டில் 80 தாண்டியிருந்தது. ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, குழாயையும் கார்புரேட்டரையும் எடுத்து, ஹெட்டின் போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காகத் தளர்த்தி, சிலிண்டரை மேலே உருவினோம். கிராங்க் கேஸின் வாயில் சுத்தமான துணி திணித்தார். பின்னைப் பிடிக்கும் சர்க்ளிப் துள்ளி உள்ளே விழுந்தால் இன்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டியிருக்கும். நம்மூரில் என்றால் இந்த இடத்தில் சிலிண்டரை லேத்துக்குக் கொண்டுபோய் போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கியிருப்போம். இந்த சிலிண்டரின் உட்சுவர் வார்ப்பிரும்பு அல்ல, அலுமினியத்தின் மேல் நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சு. போர் போட்டால் பூச்சு போய்விடும். கீறல் இல்லை என்றால் அதே அளவு பிஸ்டன். கீறல் ஆழமென்றால் மறுபூச்சுக்கு அனுப்ப வேண்டும். விரல்நகத்தை மேலிருந்து கீழே இழுத்துப் பார்க்கச் சொன்னார். நகம் எங்கும் தட்டவில்லை.

பழைய பிஸ்டனின் தலையைத்தான் அவர் வெகுநேரம் பார்த்தார். கரி படிந்த வட்டத்தின் ஓரங்களில், புதுக்கலவை வந்து மோதும் இடங்களில் மட்டும் உலோகம் சுத்தமாகத் தெரிந்தது. கலவை சரியாக இருந்ததற்கு அது சாட்சி என்றார். இன்டேக் பக்கத்துப் பாவாடையில் மட்டும் நீளவாட்டில் மெல்லிய தேய்வு. “இது தூசி. உங்களுது இல்லை, போன மாசத்து ஆளு.” எப்படித் தெரியும் என்று கேட்டேன். நோட்டைத் திருப்பி ஒரு தேதியைக் காட்டினார். அதில் ஃபில்டருக்கு எதிரே கேள்விக்குறி இருந்தது. பழைய ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்ததில் 0.40 மில்லிமீட்டர் தாண்டியிருந்தது. எக்ஸாஸ்ட் துளையில் ஏறி இறங்கும் பவர் வால்வில் பிசின்போல் ஒட்டிய கரியைப் பித்தளை பிரஷ்ஷால் சுரண்டும் வேலையை என்னிடம் விட்டுவிட்டு, அவர் புது பிஸ்டனுக்கு எண்ணெய் தடவினார். மேலே உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட்டைப் பார்க்க வேண்டும்; ரிங்கின் வாய் அதற்கான பின்னில் உட்கார வேண்டும்; அதன்பின் இரண்டு கட்டைவிரலால் ரிங்கை அமுக்கிக்கொண்டே சிலிண்டரை இறக்கினால் ஒரு மெல்லிய வழுக்கலோடு இறங்கும். டார்க் ரெஞ்சால் இறுக்குவது மட்டும் அவர் கை.

ஓட்டி சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, மூன்றாம் முறை ஆறியதும் போல்ட்டுகளைச் சரிபார்த்தார். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி மேலே சைபர் மணி என்று எழுதினார். காலையில் இந்த வண்டியை எடுக்கப்போகிற போலந்துக்காரருக்கு ஹேண்டில்பாரில் ஒரு டேப் ஒட்டி, முதல் டாங்க் பெட்ரோல் தீரும்வரை பாதி த்ராட்டில்தான் என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தார்.

மறுநாள் வாடகைக் கணக்குப் பார்த்தபோது முன்பணத்திலிருந்து ஒரு கிளட்ச் லீவருக்கும் இரண்டு செட் பின் பிரேக் பேடுக்கும் கழித்துக்கொண்டார்கள். பிஸ்டனுக்குக் காசு வாங்கவில்லை. அது மணிக்கணக்கில் வர வேண்டிய செலவு, வாடகையிலேயே இருக்கிறது என்றார் மெஷ்டர்.